உப்புத் தண்ணீரும் ஒரு வாட்டர் பம்பும்

அம்பாசிடர் காரின் வாட்டர் பம்ப் இன்ஜினின் முன்முகத்தில், ரேடியேட்டருக்கு நேர் பின்னால் இருக்கிறது. வார்ப்பிரும்பு உடல், அதன் நடுவே ஓடும் ஒரு ஷாஃப்ட், ஷாஃப்டின் முன்முனையில் புல்லியும் ஃபேனும், பின்முனையில் இதழ்கள் வைத்த இம்பெல்லர். அமைப்பு இவ்வளவுதான். ஃபேன் பெல்ட் புல்லியைச் சுழற்றும்போது இம்பெல்லர் ரேடியேட்டரின் அடியிலிருந்து ஆறிய தண்ணீரை இழுத்து இன்ஜின் பிளாக்குக்குள் தள்ளுகிறது. தண்ணீர் சிலிண்டர்களைச் சுற்றி வந்து, ஹெட்டுக்குள் ஏறி, சூட்டை வாங்கிக்கொண்டு, சூடேறியதும் திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கடந்து மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரின் தலைக்குத் திரும்புகிறது. கிணற்றில் மோட்டார் போட்டுப் பழகியவர்களுக்கு இதில் புதிது எதுவும் இல்லை. அங்கே ஓடும் அதே மையவிலக்கு பம்ப்தான் இங்கே சிறிய அளவில் ஓடுகிறது.

பெட்ரோல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகிறது. அதே அளவு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. வண்டியை நகர்த்தக் கிடைப்பது மீதிதான். சூடான நீர் மேலே ஏறும், ஆறிய நீர் கீழே இறங்கும் என்ற இயல்பை மட்டுமே நம்பி, பம்ப் இல்லாமல் ஓடிய கார்களும் உண்டு. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி, முதல் 2500 வண்டிகள் அளவுக்குப் பிறகு பம்பைக் கைவிட்டது. 1927இல் உற்பத்தி நிற்கும்வரை அப்படியே வந்தது. வேகமும் பாரமும் கூடக்கூட அந்த மெதுவான ஓட்டம் போதாமல் போயிற்று. கட்டாயப்படுத்தித் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் கார்களில் நிலைத்தது.

அம்பாசிடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரிலிருந்து பிறந்தது. கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை அதைத் தயாரித்தது. நீண்ட காலம் அதில் இருந்தது 1489 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். பிஎம்சி நிறுவனத்தின் பி சீரிஸ் வரிசையைச் சேர்ந்தது. இதன் கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள் சங்கிலியால் சுழல்கிறது. வாட்டர் பம்போ வெளியே, டைனமோவையும் சுற்றும் ஒரு பெல்ட்டில் ஓடுகிறது. ஆகவே பம்பைக் கழற்றினால் இன்ஜினின் டைமிங் கலையாது. பிற்காலக் கார்கள் பலவற்றில் பம்ப் டைமிங் பெல்ட்டின் பாதையில் இருக்கும். அவற்றில் பெல்ட்டை மாட்டும்போது பல் தவறினால் சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அம்பாசிடரில் அந்தப் பயம் இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர், அவசரப்படாதவர், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க முடிந்தவர் வீட்டு வாசலிலேயே இந்த வேலையைச் செய்துவிடலாம்.

1990களின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு மண்டிக்காரர் வீட்டில் அப்படி ஒரு வேலை நடந்தது. வண்டி மார்க் 3, அதாவது 1975 முதல் 1979 வரை வந்த மாடல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விடியற்காலையில் மண்டிக்கும், சந்தை நாளில் ஒட்டன்சத்திரத்துக்கும், கோடை விடுமுறையில் உறவினர்களை ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்கும் போய்வந்த வண்டி. வேலையைச் செய்தவர் மண்டிக்காரரின் மச்சினன். பழனி சாலையில் ஒரு லேத் பட்டறையில் இருந்தவர். பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தது மண்டிக்காரரின் பள்ளிக்கூடத்துப் பையன். இங்கே வரும் விவரங்கள் அந்தப் பையனின் நினைவில் தங்கியவை.

வண்டியின் கதையை அந்த வீட்டின் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் இரண்டு தண்ணீர் இருந்தன. ஒன்று, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்து நகராட்சிக் குழாயில் முறை வைத்து வரும் நல்ல தண்ணீர். அது குடங்களில் நிறைந்து சமையலறையோடு நின்றுவிடும். மற்றது போர் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் வெள்ளையாகக் காரை படியும். குளிக்க, துணி துவைக்க, செடிக்கு, மாட்டுக்கு எல்லாம் அதுதான். காரின் ரேடியேட்டருக்கும் அதுதான். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுவதை அந்தத் தெருவில் ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

நிலத்தடியில் கரைந்து வரும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் பிரிந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அண்டாவில் தெரியும் காரை இதுவே. இன்ஜினுக்குள் அது சிலிண்டர் சுவரின் வெளிப்புறத்திலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் தோலாக ஏறுகிறது. இந்தத் தோல் வெப்பத்தைக் கடத்தும் திறன் வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு குறைவு. எனவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தாலும் உலோகத்தின் சூடு அதற்குள் இறங்காது. உப்பிலுள்ள குளோரைடு இரும்பை அரிக்கும். அரித்த துருவும் உதிர்ந்த காரையும் நுண்மணலாகத் தண்ணீரோடு சுற்றும். அந்த மணல் முதலில் தாக்குவது வாட்டர் பம்பின் சீலை.

சீல் என்பது பம்பின் உயிர்நிலை. சுழலும் ஷாஃப்டைச் சுற்றி ஒரு கார்பன் வளையம் இருக்கிறது. ஒரு சுருள்வில் அதை எதிரே உள்ள வழவழப்பான முகத்தின்மேல் அழுத்திப் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவே தண்ணீரின் மெல்லிய படலமே மசகு. அதில் மணல் புகுந்தால் முகம் கீறும். கீறல் வழியே தண்ணீர் கசியும். அந்தத் தண்ணீர் முன்னால் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குக்குள் போய்விடாமலிருக்க, சீலுக்கும் பேரிங்குக்கும் இடையே பம்ப் உடலின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை விட்டிருக்கிறார்கள். கசியும் நீர் அந்தத் துளையில் சொட்டி வெளியேறும். சீல் போகிறது என்று பம்ப் தானாகச் சொல்லும் முதல் சேதி அந்தச் சொட்டு.

மண்டிக்காரர் வீட்டில் அந்தச் சேதி காலையில் வாசலில் தெரிந்தது. கோலம் போட வந்த வீட்டு அம்மாள் வண்டியின் மூக்குக்கு அடியில் செங்கல் நிறத்தில் ஓர் ஈரத்தைக் கண்டார். ஆயில் என்றால் விரலில் வழுக்கும், இது வழுக்கவில்லை. ரேடியேட்டரில் தினமும் ஒரு சொம்பு தண்ணீர் குறைந்தது. ஊற்றினால் சரியாகிவிடுகிறதே என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கோடையில் வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறும்போது இன்ஜின் கொதித்தது.

மலைச்சாலையில் கொதிப்பதற்குக் காரணங்கள் பல சேர்ந்துகொள்கின்றன. ஏற்றத்தில் இன்ஜின் முழு பாரத்தில் வேலை செய்கிறது; வண்டியோ இரண்டாம் கியரில் ஊர்கிறது; முன்னாலிருந்து மோதும் காற்று குறைவு. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து நீரின் கொதிநிலையும் இறங்குகிறது. சுமார் 2100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். இதை ஈடுகட்டத்தான் ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங் வைத்து உள்ளே அழுத்தத்தைத் தேக்குகிறார்கள். ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயரும். கசியும் சீல் அந்த அழுத்தத்தையும் நிற்கவிடாது. ஆகவே சமவெளியில் வெறும் சொட்டாக இருந்த குறை மலையில் ஆவியாகச் சீறியது.

வழியில் நின்ற வேன் டிரைவர் ஒருவர் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடச் சொன்னார். டிரைவர்களிடையே பழகிய வைத்தியம் இது. ரேடியேட்டர் குழாயில் ஊசித்துளை இருந்தால் தூள் ஊறி அதை அடைக்கும். அடுத்த ஊர் வரை போய்ச் சேரலாம். சுழலும் ஷாஃப்டின் சீலில் அது நிற்காது. குறுகிய குழாய்களில்தான் படியும். ஏற்கெனவே காரை பிடித்த ரேடியேட்டரை இன்னும் அடைக்கும். அன்று மஞ்சள் தூள் போடவில்லை. வண்டியை நிழலில் ஆறவிட்டு, ஓடைத் தண்ணீரை ஊற்றி, மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் மச்சினன் வந்து பார்த்தார். இன்ஜின் ஆறியிருந்தது. ஃபேனின் எதிரெதிர் இறக்கைகள் இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். ஃபேன் ஆடியது.

“மச்சான், சீலு மட்டும் இல்ல, பேரிங்கும் போச்சு. இதோட மலையேறிருக்கீக.”

“ஃபேன் கழண்டு விழுந்துருக்குமா மாப்ள?”

“கழண்டா விழாது. ரேடியேட்டரக் கிழிச்சுட்டுத்தான் நிக்கும்.”

சோதனையின் முறை எளிது. ஃபேன் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றும்போது கரகரத்தால் பேரிங்கில் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கழுவிவிட்டது. அடித்துளையிலிருந்து கீழே துரு நிறத்தில் கோடு இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது. அந்தப் பம்பில் மூன்றும் இருந்தன. கூடவே, துளையின்மேல் பழைய எம்-சீல் கட்டி ஒன்று உரிந்து தொங்கியது. முன்பு வண்டியை வைத்திருந்த யாரோ ஒழுக்கை நிறுத்துவதாக நினைத்துத் துளையையே அடைத்திருக்கிறார்கள். வெளியேற வழியில்லாத நீர் பேரிங்குக்குள் போயிற்று. கட்டி உரிந்த பிறகே சொட்டு வெளியே தெரிந்திருக்கிறது. வாட்டர் பம்பின் அடித்துளையை எந்த நிலையிலும் அடைக்கக் கூடாது.

பேரிங் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த இன்ஜினில் ஃபேனின் எடை, பெல்ட்டின் இழுப்பு, இம்பெல்லரின் சுழற்சி மூன்றையும் அந்த ஒரே பேரிங் தாங்குகிறது. பெல்ட் கிறீச்சிட்டால் பலரும் டைனமோவைக் கடப்பாரை போட்டு நெம்பி இறுக்கிவிடுவார்கள். சத்தம் நிற்கும், பேரிங்கின் ஆயுள் குறையும். ஃபேனின் ஓர் இறக்கை வளைந்திருந்தாலும் சுழற்சி சமன் கெட்டு இதே கேடு வரும்.

பம்பைப் பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா என்ற கேள்வி அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் எழும். கடைகளில் பேரிங்கோடு சேர்ந்த ஷாஃப்டும் சீலும் அடங்கிய கிட் கிடைத்தது. லேத் பட்டறையில் புல்லர் போட்டு முன்பக்கத்து ஹப்பை உருவி, பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் கம்பியை மேல்துளை வழியே எடுத்து, ஷாஃப்டைத் தட்டி வெளியேற்றி, புதியதை அழுத்தி ஏற்றுவார்கள். இம்பெல்லர் இதழுக்கும் பம்ப் உடலுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி 20 முதல் 30 தவ், அதாவது அரை மில்லிமீட்டருக்கும் முக்கால் மில்லிமீட்டருக்கும் இடையே. குறைந்தால் உரசும், கூடினால் தண்ணீர் இதழைத் தாண்டி வழுக்கி, தள்ளும் திறன் விழும். மச்சினன் பட்டறையிலேயே இதைச் செய்திருக்க முடியும். ஆனால் பழைய உடலில் சீல் உட்காரும் இடமே குழிபட்டிருந்தது. கிட் போட்டாலும் சீக்கிரம் ஒழுகும் என்று முடிவாகி, மதுரையிலிருந்து முழுப் பம்ப் வாங்கி வந்தார்கள். கூடவே கேஸ்கட், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹோஸ் கிளிப்புகள், ஒரு ஃபேன் பெல்ட்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. வண்டி முந்தின இரவே நிறுத்தப்பட்டு நன்றாக ஆறியிருந்தது. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். தவிர்க்க முடியாதபோது, மூடியின்மேல் கனமான ஈரத்துணி போட்டு முதல் படிவரை மட்டும் திருப்பி, சீற்றம் அடங்கிய பிறகே முழுதும் திறக்க வேண்டும். சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைத்து, பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, தரையில் சாக்கு விரித்தாயிற்று.

ரேடியேட்டரின் அடிக்குழாயையும் பிளாக்கின் பக்கத்துக் குழாயையும் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். இரண்டையும் திறப்பது முக்கியம். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பிளாக்கில் தண்ணீர் தங்கிவிடும். அந்த வண்டியில் பிளாக் குழாயைத் திறந்தும் ஒன்றும் வரவில்லை. உள்ளே காரை அடைத்திருந்தது. கம்பியால் குத்திக் கிளறிய பிறகு, செம்மண் கரைசலாகத் தண்ணீர் இறங்கியது.

அடுத்தது ஹோஸ்கள். வருஷக்கணக்கில் இறுகிய ரப்பரை நெம்பி இழுக்கக் கூடாது. ரேடியேட்டரின் மூக்கு மெல்லிய பித்தளை. பற்றுவைத்த இடத்தில் பிய்ந்துவிடும். புது ஹோஸ் கையில் இருப்பதால் பழையதைப் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தார்கள். பிறகு பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றி ரேடியேட்டரை மேலே தூக்கி எடுத்தார்கள். அதை எடுக்காமலே பம்பைக் கழற்றிக் காட்டும் மெக்கானிக்குகள் உண்டு. எடுத்தால் கை நுழைய இடம் கிடைக்கும், ஃபேன் இடித்து அதன் மெல்லிய தகடுகள் மடங்காது, ரேடியேட்டரையும் தனியே கழுவலாம்.

டைனமோ இன்ஜினின் வலப்பக்கம் இருக்கிறது. அதன் மூன்று போல்ட்டுகளைத் தளர்த்தி இன்ஜினை நோக்கித் தள்ளினால் பெல்ட் தொய்ந்து கழன்றுவிடும். ஃபேனைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளைக் கழற்றியதும் ஃபேனும் புல்லியும் ஒன்றாகக் கைக்கு வரும். எடுக்கும் முன்பே ஃபேனின் முன்முகத்தில் சாக்பீஸால் ஒரு குறி போட்டார் மச்சினன். ஃபேனைத் திருப்பி மாட்டினால் காற்றை இழுக்கும் திறன் வெகுவாகக் குறையும். புதுப் பம்ப் போட்டும் வண்டி ஏன் சூடாகிறது என்று தெரியாமல் தேட வேண்டியிருக்கும்.

டைனமோவை முழுதும் இறக்காமல் பம்பை எடுக்க முடியாது. டைனமோவைத் தாங்கும் முன்பக்கத்துப் போல்ட் பம்ப் உடலின் காதில்தான் மாட்டியிருக்கிறது. புதிதாகச் செய்பவர்கள் இதைக் கவனிக்காமல், பம்பின் நான்கு போல்ட்டுகளையும் எடுத்துவிட்டு, ஏன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சுத்தியலைத் தேடுவார்கள்.

பம்பைப் பிளாக்கோடு பிணைப்பவை நான்கு போல்ட்டுகள். இவற்றுக்கு அரை அங்குல ஸ்பேனர்தான் சரியான அளவு. 13 மில்லிமீட்டர் ஸ்பேனரும் நுழையும். ஆனால் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு தளர்வு. துருப்பிடித்த போல்ட்டில் அந்தத் தளர்வு போதும், தலை மழுங்கிவிடும். எஃகுப் போல்ட் வார்ப்பிரும்பில் துருவால் இறுகியிருக்கும். முறிந்தால் துளையிட்டு எடுக்க வேண்டும், ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகும். ஆகவே முந்தின இரவே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டிருந்தார்கள். காலையில் போல்ட் தலையில் நேராகச் சுத்தியலால் மெல்லத் தட்டி, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, அதே திருகலைத் திரும்பத் திரும்பச் செய்து நான்கையும் எடுத்தார்கள். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பையன் ஓர் அட்டையில் அதனதன் இடத்தில் குத்தி வைத்தான். நீளம் மாறி மாட்டினால் ஒன்று பிடிக்காது, இன்னொன்று அடிமுட்டும்.

ஒட்டிக்கொண்டிருந்த பம்பை மரச்சுத்தியலால் பக்கவாட்டில் தட்டியதும் கழன்றது. இணைப்பின் நடுவே ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால் முகத்தில் தழும்பு விழும். அந்தத் தழும்பில் பிறகு எந்த கேஸ்கட்டும் நிற்காது. கழற்றிய பம்பின் இம்பெல்லர் இதழ்கள் கரையான் தின்ற கதவு ஓரம் மாதிரி அரித்துப் போயிருந்தன. பிளாக்கின் வாய்க்குள் டார்ச் அடித்தபோது உட்சுவரில் துருவும் வெள்ளைக் காரையும் மாறி மாறிப் படிந்து தெரிந்தன. மண்டிக்காரர் குனிந்து பார்த்தார். பம்பை மட்டும் மாற்றினால் போதாது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று மதியம் வரை நடந்தது கழுவும் வேலை. ரேடியேட்டரைத் தலைகீழாக நிறுத்தி, வழக்கமாகத் தண்ணீர் வெளியேறும் கீழ்வாயில் ஹோஸை வைத்துப் பீய்ச்சினார்கள். ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் அடிக்கும்போதுதான் குழாய் வாயில் சிக்கிய துகள் பின்வாங்கி வெளியே வரும். பிளாக்கையும் அப்படியே, தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு மேலிருந்து கீழாகக் கழுவினார்கள். தண்ணீர் தெளியும் வரை இது தொடர்ந்தது.

தெர்மோஸ்டாட்டை எடுத்தால் எடுத்ததுதான், திரும்பப் போடாதீர்கள் என்று சொல்லும் மெக்கானிக்குகள் நம் ஊரில் ஏராளம். வெயில் ஊருக்கு அது எதற்கு என்பது அவர்கள் வாதம். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடேற நீண்ட நேரம் எடுக்கும். அதுவரை பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். சிலிண்டரும் கூடுதலாகத் தேயும். மச்சினன் அதை வீட்டு அடுப்பிலேயே சோதித்தார். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் லேத் பட்டறையின் வெப்பமானியையும் நிறுத்தினார். இந்த வகையில் பொதுவானது 82 டிகிரியில் திறப்பது. தண்ணீர் கொதிக்கும் முன் அது திறந்து, ஆறும்போது மூடிக்கொண்டது. ஆகவே திரும்பவும் இடத்துக்குப் போயிற்று.

புதுப் பம்பை மாட்டும் முன் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். போல்ட் துளைகள் ஒத்துப்போகின்றனவா, ஹப்பின் உயரம் அதேதானா, இம்பெல்லர் அதே ஆழமா, அடித்துளை திறந்திருக்கிறதா என்று நான்கு விஷயங்கள். ஹப்பின் உயரம் மாறினால் பம்ப் புல்லியும் கிராங்க் புல்லியும் ஒரே கோட்டில் நிற்காது. பெல்ட் சாய்ந்து ஓடி ஓரம் நைந்து அறுந்துவிடும். கையால் சுற்றும்போது ஷாஃப்ட் ஒரே சீராகத் திரும்ப வேண்டும்; சீல் புதிது என்பதால் லேசான பிடிப்பு இருக்கலாம்.

பிளாக்கின் முகத்தில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது, துகள் உள்ளே விழாதபடி வாயில் துணி அடைத்தார்கள். உடைந்த ஹாக்ஸா பிளேடின் மழுங்கிய ஓரம் அந்த வேலைக்குப் போதுமானது. வாங்கி வந்த கேஸ்கட்டில் ஒரு துளை சற்று விலகியிருந்தது. மச்சினன் அதை ஒதுக்கிவிட்டு, பேக்கிங் ஷீட்டைப் பம்பின் முகத்தில் வைத்து உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றித் தட்டினார். உலோகத்தின் விளிம்பே ஷீட்டை வெட்டியது. போல்ட் துளைகளும் அப்படியே விழுந்தன. இருபுறமும் அனபாண்ட் பசையை மெல்லிய பூச்சாகத் தடவினார். பசையை அப்பினால் இறுக்கும்போது உள்ளே பிதுங்கும். பிதுங்கிய துண்டு உதிர்ந்து ரேடியேட்டர் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

நான்கு போல்ட்டுகளையும் முதலில் கைவிரலால் போகிற வரை திருகிவிட்டு, பிறகு மூலைக்கு மூலை மாற்றி மாற்றிப் படிப்படியாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலில் முழுதும் இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். பி சீரிஸ் இன்ஜினின் கையேடுகள் இந்தப் போல்ட்டுகளுக்குச் சொல்லும் அளவு 17 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 23 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாத வீட்டில் இதைக் கை கண்டுபிடிக்க வேண்டும். வழக்கமான நீள ஸ்பேனரை மணிக்கட்டின் பலத்தில் இறுக்கினால் அந்த அளவை ஒட்டி வந்துவிடும். ஸ்பேனருக்குப் பைப் போட்டு நீட்டுவது வார்ப்பிரும்பின் காதை உடைக்கும் வழி.

பிறகு கழற்றிய வரிசையைப் பின்னோக்கிப் போவதுதான். டைனமோவைத் தளர்வாக மாட்டி, புல்லியையும் ஃபேனையும் சாக்பீஸ் குறி முன்னால் வரும்படி போட்டு, பெல்ட்டை ஏற்றினார்கள். மண்டிக்காரர் வழக்கம்போலக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார்.

“அத வைங்க மச்சான். கையாலயே இழுத்துப் பிடிங்க, நான் போல்ட்ட இறுக்குறேன்.”

பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் வழுக்கும். டைனமோ சார்ஜ் செய்யாது, பம்பும் சுற்றாது. குறைவாக இறங்கினால் புதுப் பேரிங்கும் பழையதன் வழியே போகும்.

ரேடியேட்டரை இறக்கி, புது ஹோஸ்களை மாட்டி, கிளிப்புகளை இறுக்கியதும் எதை ஊற்றுவது என்ற பேச்சு வந்தது. மச்சினன் சமையலறை வாசலில் போய் நின்று இரண்டு குடம் நல்ல தண்ணீர் கேட்டார்.

“குடிக்கிற தண்ணியவா வண்டிக்கு ஊத்துவாங்க? குழா வந்து நாலு நாளாச்சு.”

“ஒரு தடவ ஊத்துனா ரெண்டு வருசத்துக்குத் திறக்க வேண்டியதில்லக்கா. அந்த அண்டாவப் பாருங்க. அதே தண்ணிதான் இதுக்குள்ளயும் கொதிக்குது.”

குடங்கள் வந்தன. மழைநீரோ பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரோ இன்னும் நல்லது. கிடைக்காத இடத்தில் உப்புக் குறைந்த குடிநீர் போதும். அதில் கூலன்ட் கலந்தார்கள். பச்சை நிறத்தில் விற்ற அந்தத் திரவத்தின் அடிப்படை எத்திலீன் கிளைக்கால். குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்க அதைச் சேர்க்கிறார்கள். திண்டுக்கல் வெயிலில் உறைதல் என்ற பேச்சே இல்லை. இங்கே வேண்டியவை அதன் மற்ற இரண்டு குணங்கள். சரிபாதி கலந்தால் சாதாரண அழுத்தத்தில் கொதிநிலை 107 டிகிரியை ஒட்டி உயர்கிறது. அதோடு, அதில் சேர்த்திருக்கும் துருத்தடுப்புப் பொருள்கள் வார்ப்பிரும்பையும் பித்தளையையும் பற்றுவைத்த ஈயத்தையும் அரிப்பிலிருந்து காக்கின்றன. இரண்டு ஆண்டுகளில் அந்தப் பொருள்கள் தீர்ந்துவிடும் என்பதால் அதை வடித்துப் புதிதாக ஊற்றுவது பொதுவான வழக்கம். கிளைக்கால் இனிக்கும், ஆனால் நஞ்சு. வடித்ததைச் சாக்கடை ஓரத்தில் விட்டால் நாயும் மாடும் குடித்துவிடும்.

நிரப்பும்போது உள்ளே காற்று சிக்கும். காற்றுக் குமிழ் ஹெட்டில் தங்கினால் அந்த இடத்தில் தண்ணீர் உலோகத்தைத் தொடாது, சூடு அங்கேயே குவியும். எனவே மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மெல்ல ஓடவிட வேண்டும். முதலில் குமிழ்கள் வரும், மட்டம் இறங்கும், திரும்ப ஊற்ற வேண்டும். மேல் ஹோஸ் சற்று நேரம் ஆறியே இருக்கும். தெர்மோஸ்டாட் திறந்ததும் அது சட்டென்று சூடாகும். அதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொள்வதே பம்பும் தெர்மோஸ்டாட்டும் வேலை செய்கின்றன என்பதற்கு அத்தாட்சி. சட்டைக் கையும் துண்டும் ஃபேனுக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று பையனைத் தள்ளி நிற்கவைத்தார்கள். குமிழ் நின்றதும், வாயிலிருந்து ஓர் அங்குலம் கீழே மட்டத்தை நிறுத்தி மூடியைப் போட்டார்கள்.

கேஸ்கட் ஓரத்திலும் அடித்துளையிலும் ஹோஸ் மூக்குகளிலும் உலர்ந்த துணியால் ஒற்றிப் பார்த்தபோது ஈரம் இல்லை. புது சீல் முகங்கள் ஒன்றோடொன்று படிவதற்குள் முதல் சில மணி நேரம் துளையில் ஓரிரு சொட்டு வரலாம். பிறகு நின்றுவிட வேண்டும். ஒட்டன்சத்திரம் போய்த் திரும்பிய பிறகு, இன்ஜின் ஆறியதும், ஹோஸ் கிளிப்புகளை இன்னொரு திருகு இறுக்கினார்கள். புது ரப்பர் சூடு பட்டதும் அமுங்கிக் கொடுக்கும். பெல்ட்டும் முதல் சில நூறு கிலோமீட்டரில் நீளும். அதையும் கட்டைவிரலால் அளந்து சரிசெய்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வண்டிக்கென்று மூடி போட்ட ஒரு கேன் தனியாக வைக்கப்பட்டது. அதில் கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர் மட்டும். மாதத்துக்கு ஒருமுறை ஆறிய இன்ஜினில் மட்டத்தைப் பார்த்து, ஃபேனைப் பிடித்து அசைத்து, அடித்துளையை விரலால் தடவி, பெல்ட்டை அழுத்திப் பார்ப்பது பையனின் வேலையாயிற்று. நான்கும் சேர்ந்து ஐந்து நிமிடம் பிடிக்கும். மட்டம் காரணமில்லாமல் குறைந்தாலோ விரலில் ஈரம் பட்டாலோ சீலைக் கவனிக்க வேண்டும். ஃபேன் ஆடினால் பேரிங்கை. அழுத்தும்போது இறங்கும் அளவு அரை அங்குலத்திலிருந்து மாறினால் பெல்ட்டை. உப்பில்லாத தண்ணீரும் அளவான இறுக்கமும் இருந்தால், அடுத்த முறை கூலன்ட் மாற்றும்வரை அந்தப் பம்புக்கு இதற்கு மேல் செய்ய எதுவும் இல்லை.